முனவ்வறா டீச்சரின் ஏவுநிறை

மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. படிப்புப் பிடித்திருந்தது, உத்தியோகம் பிடித்திருந்தது, கல்முனைக்குடியில் கடலுக்குப் போகும் ஒழுங்கையில் வாப்பா கட்டி வைத்துவிட்டு மௌத்தாகிப்போன வீடும் பிடித்திருந்தது. ஒரேயொரு குறைதான். அதைச் சொல்வதற்கென்றே வந்திருந்த, சம்பந்தம் பேசிவிடும் குல்தூம் மாமி, பிளேன்டீயைக் குடித்து முடிக்கும்வரை ஊர்ச் சங்கதிகளைக் கதைத்துக்கொண்டிருந்தாள். கோப்பையைக் கீழே வைத்த பிறகுதான் விசயத்துக்கு வந்தாள்.

"பத்துக் கிலோ கா. வேற ஒண்டுமில்ல. ஒரு பத்துக் கிலோவக் குறைச்சாப் போதும் எண்டு மாப்பிளட உம்மா றஹ்மத்தும்மா செல்றா. மாப்பிள நோம்புக்குத்தான் கட்டாருல இருந்து வருவாரு. அதுக்குள்ள குறைச்சிரலாம்தானே?"

"ஓம் ஓம், குறைச்சிரலாம்," என்றாள் உம்மா.

முனவ்வறா பக்கத்து அறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் கிடந்தது. முப்பத்தொரு வயது, பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் ஆசிரியை. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. சந்தையில் மாட்டுக்கு விலை பேசும்போது மாட்டைக் கேட்பதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பை உதறிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

அன்றிரவே சோற்றுக் கோப்பை சிறிதாகிவிட்டது. காலையில் வெந்தயத் தண்ணீர். மருதமுனையில் கட்டிக்கொடுத்திருந்த மூத்தவள், ராத்தா, தொலைபேசியில் அழைத்து, தன் புருசனின் தங்கச்சி ஆறே மாதத்தில் எப்படிக் கொத்தவரங்காய் போல ஆனாள் என்று அரை மணித்தியாலம் விளக்கினாள். முனவ்வறா எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினாள். அவளுக்கு இது புதிதல்ல. ஏழாம் ஆண்டில் படிக்கும்போது பாடசாலைக்கு வைத்தியப் பரிசோதனைக்கு வந்தவர்கள் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து நிறை பார்த்தார்கள். இவளுடைய முறை வந்தபோது, எழுதிக்கொண்டிருந்தவர் காது கேளாதவர்போல "எவ்வளவு? எவ்வளவு?" என்று கேட்க, நிறை பார்த்தவர் இரண்டு தரம் சத்தமாகச் சொன்னார். வரிசை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அவள் எந்தத் தராசிலும் ஏறியதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால் வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொல்லிவிடுவாள். தன் நிறை என்னவென்று அவளுக்கே தெரியாது.

ஆனால் ரொக்கெட்டுகளின் நிறை தெரியும். அது அவளுடைய பைத்தியம். எந்த நாடு எதை அனுப்பினாலும் முதலில் எத்தனை தொன் என்றுதான் தேடுவாள். அதிலும் ஆள் ஏறிப் போகிற பயணமென்றால் சாப்பாட்டையும் மறந்துவிடுவாள். செய்மதியை அனுப்புவது வேறு, மனிதரை அனுப்புவது வேறு. செய்மதி மூச்சு விடாது, தாகமெடுக்காது, வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும் என்று அடம்பிடிக்காது. மனிதரை ஏற்றிவிட்டால் காற்றையும் தண்ணீரையும் சாப்பாட்டையும் ஏற்றவேண்டும். குளிருக்கும் வெக்கைக்கும் காப்புச் செய்யவேண்டும். எரியாமல் தரைக்கு இறங்க ஒரு கவசமும் பரசூட்டும் வேண்டும்.

அந்த வருடம் விஞ்ஞானக் கண்காட்சி வந்தபோது, வகுப்புப் பிள்ளைகள் வழமைபோல றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகையில் ஒரு ரொக்கெட் வெட்டி நிறம் பூசலாம் என்றார்கள்.

"றெஜிபோம் ரொக்கெட்டைப் பாத்து ஆருக்கு என்ன விளங்கும்?" என்றாள் முனவ்வறா. "இந்தமுறை ரொக்கெட்டை நிறுத்துக் காட்டுவம்."

அவள் கரும்பலகையில் ரஷ்யாவின் சோயூஸ் விண்கலத்தை வரைந்தாள். ஏவும்போது ரொக்கெட்டும் எரிபொருளும் எல்லாமாக முன்னூற்றுப் பத்துத் தொன் அளவில். அதில் மேலே சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேருகிற கலம் ஏழு தொன்னும் கொஞ்சமும். அதற்குள் மூன்று பேர்.

"மூணு பேரும் எவ்வளவு வருவாங்க, டீச்சர்?" என்று கேட்டாள் ஷிபானா. வகுப்பிலேயே கணக்கு வேகமாகச் செய்கிறவள். குண்டான பிள்ளை, எப்போதும் கடைசி வரிசை.

"உடுப்போட சேர்த்தாலும் கால் தொன்னச் சுத்தித்தான். மிச்சமெல்லாம் அந்த மூணு பேரையும் உயிரோட கொண்டுபோய், உயிரோட கொண்டுவாறதுக்கு."

கணிதம் படிப்பிக்கும் உசாந்தினி டீச்சர் பாண்டிருப்பிலிருந்து வருகிறவள். முனவ்வறாவுக்கு நல்ல சிநேகிதி. ஆசிரியர் அறையில் இருவருமாக இருந்து கணக்கைச் சுருக்கினார்கள். மேலே போய்ச் சேருகிற ஒவ்வொரு கிலோவுக்கும், கீழே ஏவுதளத்தில் நாற்பத்து மூன்று கிலோ நிற்கவேண்டும்.

"அப்ப ஒரு கிலோச் சீனிப் பைக்கற்றை மேசையில வைப்பம்," என்றாள் உசாந்தினி. "பக்கத்தில நாப்பத்தி மூணு கிலோ மண் மூடை. பாத்த உடன விளங்கும்."

"அது காணாது. வாற ஆக்கள் தாங்களே இருந்து பாக்கவேணும். ஒரு கதிரை, கதிரைக்குக் கீழ தராசு. இருக்கிற ஆளுக்கு எத்தினை மூடை எண்டு பிள்ளைகள் சொல்லட்டும்."

உசாந்தினி சற்று நேரம் அவளைப் பார்த்தாள். "நீங்க அந்தக் கதிரையில இருப்பீங்களா?"

"நான் விளங்கப்படுத்துற ஆள்," என்றாள் முனவ்வறா.

ராத்தாவின் புருசன் இஹ்ஸான் மச்சானுக்குச் சம்மாந்துறையில் நெல்லுக் கடை. நெல் மூடை நிறுக்கும் மேடைத் தராசை அவர் லொறியில் அனுப்பி வைத்தார். சிவப்பு எழுத்தில் எண் விழுகிற பெரிய முகப்பு அதற்கு. தூரத்தில் நிற்பவருக்கும் தெரியும். பிள்ளைகள் கடற்கரை மண்ணை மூடைக்கு ஐம்பது கிலோவாகக் கட்டி மண்டபத்தின் ஒரு பக்கம் அடுக்கினார்கள். கதிரையைத் தராசில் ஏற்றி, கதிரையின் நிறையைக் கழித்து எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தார்கள். பின்னால் ஒரு பலகையில், ஆளேறும் பயணங்களைப் பற்றி முனவ்வறா தன் கையாலேயே எழுதினாள். சோயூஸ் கலத்தில் ஏறுகிறவர் தொண்ணூற்றைந்து கிலோவுக்கு மேற்படக்கூடாது என்று ஒரு வரி. அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினாள்.

கண்காட்சிக்கு முதல்நாள் பாடசாலை அதிபர் வந்து பார்த்தார். நல்ல மனிசன். ஆனால் யாரும் ஏதும் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவரை ஒருநாளும் விட்டதில்லை.

"டீச்சர், இந்தக் கதிரை வேணுமா? பொம்புளைப் புள்ளைகளை ஆக்களுக்கு முன்னால நிறுக்கிறது சரியில்லையே. ஒரு மண் மூடையை அதுல வைச்சிக் காட்டுங்களன்."

"ஆரையும் கட்டாயப்படுத்த மாட்டம் சேர். விரும்பினவங்க இருப்பாங்க."

"விரும்பினாலும் ஒரு மெல்லிசான புள்ளையா இருந்தா..."

மண் மூடைகளுக்குப் பக்கத்தில் நின்ற ஷிபானா, ஒன்றும் கேட்காதவள்போல ஒரு மூடையின் வாயை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

"சேர், மண்மூடை ரொக்கெட்டுல போறல்ல. ஆள்தான் போறது. கதிரைய எடுக்கணும் எண்டா எழுத்துல தாங்க, எடுத்திர்றன்."

எழுத்தில் கேட்டால் எந்த அதிபரும் யோசிப்பார். அவரும் யோசித்தார். "சரி சரி, கவனமாச் செய்யுங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

மறுநாள் சனம் நிறைய வந்தது. சாய்ந்தமருதிலிருந்தும் நற்பிட்டிமுனையிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்மார் வந்தார்கள். ஆண்கள் கதிரையில் இருந்து சிரித்தார்கள். ஒருத்தருக்கொருத்தர் மூடைக் கணக்கைச் சொல்லிப் பகிடி பண்ணினார்கள். பெண்கள் ஒருத்தியும் பக்கத்தில் வரவில்லை. சீனிப் பைக்கற்றைப் பார்ப்பார்கள், மூடையைப் பார்ப்பார்கள், முகப்பைப் பார்த்ததும் அபாயாவைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிடுவார்கள். விளங்கப்படுத்தச் சொல்லியிருந்த ஷிபானா பலகைக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, அங்கிருந்தே எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அசர் தொழுகைக்கு முன்னர் மண்டப வாசலில் றஹ்மத்தும்மாவைக் கண்டதும் முனவ்வறாவுக்குத் திக்கென்றது. மாப்பிள்ளையின் உம்மா. கூட, மாப்பிள்ளையின் தங்கை. புதிதாகக் கலியாணமான ஒடிசலான பெண். கண்காட்சி பார்க்கத்தான் வந்தோம் என்றார்கள். இரண்டு பேரின் கண்ணும் கண்காட்சியில் இல்லை. முனவ்வறாவைத் தலையிலிருந்து கால்வரை அளந்து, திரும்பவும் மேலே வந்தன.

முனவ்வறா மற்றவர்களுக்குச் சொன்னதுபோலவே அவர்களுக்கும் விளங்கப்படுத்தினாள். தங்கைக்காரி தலையாட்டிக் கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"மத்த ஆக்களையெல்லாம் இரிக்கச் செல்றீங்க டீச்சர். முதல்ல நீங்க ஒருக்கா இரிந்து காட்டுங்களன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "சும்மா இரி புள்ள," என்று றஹ்மத்தும்மா மகளை அதட்டினாள். ஆனால் அவளுடைய பார்வை போய் நின்றது தராசின் முகப்பில்.

முனவ்வறாவுக்கு வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலுமாக அந்த ஏழாம் ஆண்டு வரிசையில் திரும்பவும் நிற்பது போலிருந்தது. எனக்கு வேலை இருக்கு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். உசாந்தினியும் தூரத்திலிருந்து அதற்குத்தான் கண்ணைக் காட்டினாள். பலகைக்குப் பின்னாலிருந்து ஷிபானா தலையை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் எப்படித் தப்பப்போகிறாள் என்று படித்துக்கொள்ள வந்தவள்போல இருந்தது அந்தப் பார்வை.

அந்தப் பார்வைதான் முனவ்வறாவுக்குப் பொறுக்கவில்லை. நேரே போய்க் கதிரையில் இருந்தாள்.

சிவப்பு எண்கள் ஓடின, தடுமாறின, நின்றன. முனவ்வறா திரும்பி முகப்பைப் பார்த்தாள். அவளுக்கும் அது புதிய செய்திதான்.

"தொண்ணூத்தேழு!" என்றாள். வேறொருவர் வாயிலிருந்து அந்த எண் வருவதற்கு முன்னர், வேண்டியதைவிடச் சத்தமாக. "ஷிபானா, எத்தினை மூடை?"

பலகைக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது. "எண்பத்தி மூணு மூடையும் கொஞ்சமும், டீச்சர்."

"கேட்டீங்களா? நான் மேல போறண்டா நாலு தொன்னுக்கு மேல கீழ நிக்கவேணும். முன்னூத்திப் பத்துத் தொன்னுல நாலு தொன்."

தங்கைக்காரி பலகையைச் சுட்டிக் காட்டினாள். "அப்ப உங்கள ஏத்த மாட்டாங்களே டீச்சர். நீங்கதானே எழுதியிருக்கீங்க, தொண்ணூத்தஞ்சுக்கு மேல ஏலா எண்டு."

இப்போது சிரிப்புச் சத்தமாகவே வந்தது. முனவ்வறா கதிரையை விட்டு எழும்பவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் கேள்வி கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்:

"ஓம். இண்டைக்கு என்னை ஏத்த மாட்டாங்க. அதுக்குக் கீழ இருக்கிற வரியையும் வாசிங்க."

தங்கைக்காரி வாசிக்கவில்லை. முனவ்வறாவே சொன்னாள்.

"முந்தி அது எண்பத்தஞ்சு கிலோவா இருந்திச்சி. நெடுவலும் மொத்தமுமா ஆக்கள் வந்தாங்க. முதல்ல கொஞ்சப் பேரைத் திருப்பித்தான் அனுப்பினாங்க. பிறகு யோசிச்சாங்க. இருக்கையைத் திருத்தினாங்க, இறங்கக்குள்ள அடி தாங்குற சாமானை மாத்தினாங்க, தொண்ணூத்தஞ்சாக்கினாங்க. அந்தக் கப்பல்ல ஏர்ற ஒவ்வொரு ஆளுக்கும் உடம்பை அச்செடுத்துத்தான் இருக்கைக்கு மெத்தை வார்க்கிறது. ஆளை வெட்டி ஒருத்தரும் இருக்கைக்குள்ள அடைக்கிறல்ல. எண்பத்தஞ்சு தொண்ணூத்தஞ்சானா, தொண்ணூத்தேழும் ஆகும். திருத்தவேண்டியது கப்பலத்தான்."

றஹ்மத்தும்மாவுக்கு இந்தக் கதை போகிற திசை பிடிக்கவில்லை. குரலைத் தணித்து, சிரித்த முகத்தோடு வந்து முனவ்வறாவின் தோளில் கை வைத்தாள்.

"அதெல்லாம் வெள்ளக்காரன்ட கத, மக. எங்களுக்கெதுக்கு? நோம்புக்கு இன்னும் நாளிரிக்கி. பத்துக் கிலோ ஒரு பெரிய விசயமா? வாயக் கட்டினா முடிஞ்சிது."

"குறைக்க மாட்டன், மாமி."

"என்ன?"

"உடம்புக்கு ஏதும் வந்து டொக்டர் சொன்னா, அது வேற. யோசிப்பன். கலியாணத்துக்கெண்டு ஒரு கிலோவும் குறைக்க மாட்டன்."

தோளிலிருந்த கை எடுபட்டது. றஹ்மத்தும்மா சுற்றி நின்ற முகங்களை ஒருமுறை பார்த்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். ஆத்திரத்தில் ஒரு செருப்பு மண் மூடையில் இடறிக் கழன்றது. நின்று அதைத் திரும்ப மாட்டிக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது.

முனவ்வறா இன்னும் கதிரையில்தான் இருந்தாள். அப்போது நற்பிட்டிமுனையிலிருந்து வந்திருந்த ஒரு மனுசி, இடுப்பில் பிள்ளையோடு முன்னால் வந்தாள். முனவ்வறாவைவிடவும் பருமன்.

"எழும்புங்க டீச்சர். எனக்கு எத்தினை மூடையெண்டு பாக்கணும்," என்று பிள்ளையை உசாந்தினியின் கையில் கொடுத்தாள்.

அவளுக்குப் பின்னால் அவளுடைய மதினி. அதற்குப் பின்னால் இரண்டு ஆசிரியைகள். பிறகு வரிசை மண்டபத்துக்கு வெளியே போய்விட்டது. சிலர் முகப்பைத் திருப்பி வைக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் திருப்பி வைத்தார்கள். சிலர் எண்ணைத் தாங்களே கூவினார்கள். அதிபர் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கூட்டத்தைக் கண்டு ஒன்றும் பேசாமல் திரும்பினார். ஷிபானா அன்று கதிரையில் இருக்கவில்லை. முனவ்வறாவும் அவளை இருக்கச் சொல்லவில்லை. ஆனால் பின்னேரமாகும்போது அவள் பலகைக்குப் பின்னால் நிற்கவில்லை. தராசுக்குப் பக்கத்தில் நின்று, தொண்டை கட்டும்வரை மூடைக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முனவ்வறா வீட்டுக்கு வருமுன்னமே செய்தி வந்துவிட்டது. உம்மா குசினியில் நின்று, சட்டி பானைகளிடம் ஆத்திரத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆம்புளையளுக்கு முன்னால தராசுல ஏறியிருக்கா! ஏறினது காணாதெண்டு கூவியும் இரிக்கா! ஊரு சிரிக்கிது. வாப்பா இருந்திருந்தா..."

"வாப்பா இருந்திருந்தா எத்தினை மூடையெண்டு கேட்டிருப்பாரு, உம்மா."

அடுத்த கிழமை முழுக்க உம்மா முனவ்வறாவோடு கதைக்கவில்லை. தேவையானதைச் சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

மாப்பிள்ளை மசூர் மூன்றாம் நாள் கட்டாரிலிருந்து அழைத்தான். அதுவரை அவனோடு அவள் கதைத்ததில்லை. இலக்கத்தைத் தங்கையிடம் வாங்கியதாகச் சொன்னான். குரல் தண்மையாக இருந்தது.

"உம்மா கொஞ்சம் பழைய ஆள். அவ அப்படிச் சொன்னதுக்கு நீங்க கோவிக்கக்கூடா. எனக்கு உங்களப் பிடிச்சிரிக்கி. போட்டோல பாத்தன். ஆனா, நீங்களும் ஆக்களுக்கு முன்னால அப்படிச் செல்லியிரிக்கத் தேவல்ல. கொஞ்சம் குறைச்சா உங்களுக்கும் நல்லம்தானே?"

முனவ்வறாவுக்கு அவன் கெட்டவனாகத் தெரியவில்லை. அதனாலேயே கேட்டாள்:

"உங்கட நிறை எவ்வளவு?"

"என்ட நிறையா?"

"ஓம்."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. கொஞ்சம் வெட்கம் கலந்த சிரிப்பு. "போன மாசம் கம்பனி மெடிக்கல்ல நூத்தி ரெண்டு. இஞ்ச சாப்பாடு அப்படி."

"அப்ப நம்ம ரெண்டு பேரையுமே ஏத்த மாட்டாங்க," என்றாள் முனவ்வறா. "ஆனா குறைக்கச் சொல்லி வந்தது எனக்கு மட்டும்தான். உங்கட உம்மா உங்ககிட்டச் சொன்னாவா?"

"அது... உம்மா..." என்று மசூர் இழுத்தான்.

"என்னைப் பிடிச்சிரிக்கெண்டா, எண்பத்தி மூணு மூடையோடயும் பிடிக்கவேணும். ஏலாட்டி விடுங்க. கோவமில்ல."

"யோசிச்சிச் செல்றன்," என்றான் அவன். அந்த யோசனை முடியவேயில்லை. பெருநாளுக்குப் பிறகு அக்கரைப்பற்றில் அவனுக்கு வேறொரு பெண்ணோடு கலியாணம் நடந்தது. சங்கதி காதில் விழுந்த அன்று முனவ்வறாவுக்கு உள்ளே ஏதோ ஓரிடத்தில் வலிக்கத்தான் செய்தது. அந்தத் தண்மையான குரலை அவள் இரண்டொரு தரம் நினைத்துப் பார்த்திருந்தாள். வலித்தது, ஒருநாள் இருந்தது, போய்விட்டது. சொன்னதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று மட்டும் அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

கலியாணம் முடிந்த கிழமை குல்தூம் மாமி திரும்ப வந்தாள். இந்தமுறை கதிரையில் இருக்கவுமில்லை, வாசலில் நின்றபடியே உம்மாவிடம் தொடங்கினாள்.

"பாத்தியா கா, நல்ல இடம், கைநழுவிப் போயிட்டுது. சாய்ந்தமருதுல இன்னொரு இடம் இரிக்கி, ரெண்டாந்தாரம்தான். இந்த உடம்புக்கு இனி அப்படித்தான் பாக்கணும். நீதான் புள்ளைக்குச் செல்லி, கொஞ்சம்..."

முனவ்வறா பாடசாலைக்குப் போக வெளிக்கிட்டு, உள்ளே சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். உம்மாவின் குரல் வாசலில் உயர்ந்ததைக் கேட்டு அப்படியே நின்றாள்.

"என்ட புள்ள எத்தினை கிலோவெண்டு எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். அவளே செல்லிட்டா. இனி நீ வந்து செல்லத் தேவல்ல. வேற கத இரிந்தா கதை, இல்லாட்டிப் போ."

குல்தூம் மாமி படலையைச் சாத்தாமலே போனாள். உம்மா படலையைச் சாத்திவிட்டு வந்தாள். மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னும் கோபமாகத்தான் இருந்தாள். பழையபடி சுவரைப் பார்த்து, "சாவி பிரிட்ஜுக்கு மேல கிடக்கு," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

முனவ்வறா சாவியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியை வெளியே தள்ளினாள். அன்று முதலாம் பாடம் உயர்தர வகுப்பு. செவ்வாய்க்குப் போய்வர நான்கு பேருக்கு எவ்வளவு தண்ணீர் ஏற்றவேண்டும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தாள். அவள் வகுப்புக்குள் போனபோது, ஷிபானா கடைசி வரிசையிலிருந்து எழும்பி முன்னால் வந்து, கரும்பலகையை முழுவதும் நிரப்பி வைத்திருந்தாள். எங்கேயோ ஒரு பூச்சியம் கூடிப்போயிருந்தது. இருவருமாக நின்று அதைத் தேடினார்கள்.